கெட்டியாகக் கூடாத எண்ணெய்

கடிதத்தை சார் தமிழிலேயே டைப் செய்து வைத்திருந்தார். எங்கள் லேப்பில் எல்லாக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் போகும். இது ஒன்று மட்டும் ஏன் தமிழில் என்று நான் கேட்கவில்லை. நான்கே வரி. ‘மின்புல ரியோமீட்டரில் நான் செய்த பரிசோதனையில் ஏற்பட்ட பிழைக்கு என் கவனக்குறைவே காரணம். இனி அந்தக் கருவியை நான் இயக்கமாட்டேன்.’ அதன் கீழே புள்ளி புள்ளியாக ஒரு கோடு. அதன்மேல் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“போட்டுரும்மா. ஒரு கையெழுத்துதான,” என்றார் சார்.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். ‘கவனக்குறைவே’ என்ற சொல்லில் அந்த ஏகாரம் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. கவனக்குறைவு என்று போட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, “நாளைக்குச் சொல்றேன் சார்” என்று எழுந்துவிட்டேன்.

எங்கள் லேப் நெய்வேலி டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே, மெயின் ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. சார்தான் அதற்கு முதலாளி. தென்காசிப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்து, சுரங்கக் கம்பெனியின் பர்மனென்ட் வேலையில் ஆயுசைக் கழித்துவிட்டு ரிட்டயர் ஆனவர். கூட ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் சொந்த ஊருக்கு லாரி பிடித்தபோது, இவர் மட்டும் இங்கேயே தங்கி லேப் போட்டார். டிரான்ஸ்பார்மர் ஆயில், கியர் ஆயில், கிரீஸ், போர்வெல் தண்ணீர் எது கொண்டுவந்தாலும் சோதித்துக் கொடுப்போம்.

நான் அங்கே பாட்டில் கழுவச் சேர்ந்தவள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுத்தான் கழுவினேன். எங்கள் வீடு சேத்தியாத்தோப்பு போகும் ரோட்டில் உள்ள காலனியில். அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை எடுத்து என்னைப் படிக்க வைத்தாள். அப்பா என் சின்ன வயதிலேயே இறந்துபோய்விட்டார். இதைச் சொன்னதும் சிலர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அது எனக்குப் பிடிக்காது. நன்றாகப் படித்தேன், வேலைக்கு வந்தேன், அவ்வளவுதான்.

பிறகு அந்த மெஷின் வந்தது. மின்சாரம் பாய்ச்சினால் கெட்டியாகி, நிறுத்தினால் பழையபடி நீர்த்துப்போகிற ஒருவகைத் திரவம் இருக்கிறது. வண்டிகளின் ஷாக் அப்சார்பரில் ஊற்றிப் பார்க்கிறார்கள். விஷயம் ஒன்றும் மாயமில்லை. மெல்லிய எண்ணெயில் ஏதோ ஒரு பவுடரைக் கலந்திருப்பார்கள். மின்சாரம் பட்டதும் பவுடர்த் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வரிசை கட்டி நிற்கும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாளில் வரிசைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், தெரியும். எண்ணெய்க்கும் அதே கதிதான். நகர முடியாமல் கெட்டியாகிவிடுகிறது. எத்தனை வோல்டேஜுக்கு எவ்வளவு கெட்டியாகிறது என்று அளக்கிற கருவிதான் எங்கள் ரியோமீட்டர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று தொடர்ந்து சாம்பிள் அனுப்புவதாகச் சொன்னதால் சார் அதை வாங்கினார்.

பார்க்க ஒன்றும் பெரிதில்லை. டம்ளர் அளவுக்கு ஒரு எஃகுக் கிண்ணம். அதற்குள், பக்கச் சுவரைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொங்கும் எஃகு உருளை. அந்த இடைவெளியில்தான் எண்ணெய். மேலே ‘தலை’ என்று நாங்கள் சொல்லும் பகுதியில் மோட்டார். அது உருளையைச் சுற்றும். எண்ணெய் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அதை எண்ணாகக் காட்டும். கிண்ணத்துக்கும் உருளைக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் போகும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி. மூடியைத் திறந்தால் கரண்ட் நின்றுவிடும்.

எனக்கு முன்னால் வேலையில் இருந்த இரண்டு ஆண்களும் ஷாக் அடிக்கும் என்று அதன் பக்கமே போகவில்லை. நான் அதன் புத்தகத்தை இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். புரியாத இடங்களில் கோடு போட்டு, மெஷின் விற்ற கம்பெனி இன்ஜினீயருக்குப் போன் போட்டு அவர் உயிரை எடுத்தேன். பிறகு ஒருநாள் சார் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். ‘இயக்க அனுமதி பெற்றவர்’ என்று தலைப்பு, அதன் கீழே ஒரே ஒரு பெயர், என்னுடையது. ரேஷன் கார்டு, படிப்புச் சர்ட்டிபிகேட்டுகளைத் தவிர என் பெயர் அச்சில் வந்து நான் பார்த்தது அதுதான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவார்கள். நான் திரும்பப் பாட்டில் கழுவப் போக வேண்டும். என் கை எதற்கு அந்தப் பேனா மூடியைத் திரும்பப் போட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

கேலிப்ரேஷன் என்பதை எங்கள் வேலையில் சத்தியம் வாங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிளை அளக்கும் முன் மெஷின் பொய் சொல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று சான்றிதழோடு ஒரு சுத்தமான எண்ணெய் வரும். பவுடர், தூசி எதுவும் இல்லாத வெறும் எண்ணெய். அதை ஊற்றி மெஷினை ஓட்டினால் நூறு என்று காட்ட வேண்டும். வோல்டேஜ் கொடுத்தாலும் அதே நூறுதான். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தாலும் இந்த எண்ணெய் கெட்டியாகக் கூடாது. அதற்காகத்தான் அதை வாங்குகிறோம்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் நான் கேலிப்ரேஷன் செய்தபோது அது நூறுதான் காட்டியது. அதே வாரக் கடைசியில் கோயம்புத்தூர் சாம்பிள்களை ஓட்டினேன். அதில் ஒரு பாட்டில், பவுடர் கலக்காத வெறும் எண்ணெய். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களே அனுப்பியது. அதுவும் வோல்டேஜில் கெட்டியானது. அப்போதே சாரிடம் போய்ச் சொன்னேன். “வெறும் ஆயிலும் ஏறுது சார். ஒருக்கா கேலிப்ரேஷன் பாத்துட்டு அனுப்பலாங்க.” அவர் போனில் இருந்தார். “அவங்க ஆயிலு அப்பிடி இருக்கும். நீ அனுப்பும்மா, அவசரப்படுதாவ” என்றார். அனுப்பினேன். அதில் என் தப்பு உண்டு. அடம் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை.

ஒரு வாரத்தில் கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. வெறும் எண்ணெய் எப்படி ஐயா கெட்டியாகும், உங்கள் மெஷினைப் பாருங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று. நான் ஸ்டாண்டர்ட் எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். வோல்டேஜ் இல்லாமல் நூறு. வோல்டேஜ் கொடுத்தால் நூற்று முப்பது. கிண்ணத்தைக் கழுவி, காயவைத்து, மறுபடி ஊற்றினேன். நூற்று இருபத்தைந்து. மறுபடி கழுவினேன். நூற்று நாற்பது. மெஷின் கம்பெனி இன்ஜினீயர் சென்னையிலிருந்து போனில் கேட்டுவிட்டு, “மெஷின் நல்லாதான் இருக்கு. ஆபரேட்டர் சரியா க்ளீன் பண்ணலை” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அப்படித்தான் அந்தக் கடிதம் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னாடி, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு வர்ற?” என்று அவளாகத்தான் கேட்டாள். சொல்லி முடித்ததும், “போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு. பாட்டில் கழுவுனா என்னா, கொறஞ்சா போயிடுவ? வூட்டுக்கு ஒரு சம்பளம் வருதில்ல. ஒரு கையெழுத்துதான,” என்றாள்.

காலையிலிருந்து இரண்டாவது முறையாக அதே வார்த்தை. எனக்குத் தலைக்கு ஏறியது. “ஆமா, நீ வெச்ச மாதிரி,” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கீரைத் தண்டை முறித்துக்கொண்டே இருந்தாள். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நாங்கள் முன்பு இருந்த குடிசை ஒரு நிலக்காரரின் கொல்லைமேட்டில் இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்த வீடு, நான் பிறந்த வீடு. அந்தப் பகுதி நிலங்கள் சுரங்கத்துக்குப் போகப் போகின்றன என்று பேச்சு கிளம்பிய சமயம், நிலக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, சும்மா ஒரு ரேகை வை என்றார். அவர் கழனியில்தான் அம்மாவுக்கு வேலை. வைத்தாள். குடிசை அவருடையது, நாங்கள் காவலுக்கு இருந்தவர்கள், நஷ்டஈட்டில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். நான் பேசிவிட்டேன். அதுவும் குத்திக் காட்டுகிற மாதிரி. அம்மா அன்று எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் ஒரு முடிவோடுதான் லேப்புக்குப் போனேன். என் தப்பு என்றால் அது என்ன தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கையெழுத்துப் போடுவேன். தெரியாமல் போடமாட்டேன். சாரிடம் இதைச் சொன்னேன். “ரெண்டு நாள் தர்றேன். அதுக்கு மேல முடியாது பாத்துக்கோ” என்றார்.

முதலில் எண்ணெயைச் சந்தேகப்பட்டேன். சீல் பிரிக்காத புது பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். அதுவும் ஏறியது. சரி, வோல்டேஜ் பெட்டி கோளாறாக இருக்கும் என்று வேறு மீட்டரை வைத்துப் பார்த்தேன். பெட்டி யோக்கியமாக இருந்தது. அடுத்தது லாரி. எங்கள் கட்டடத்துக்குக் கீழே லிக்னைட் லாரி போனால் மாடியில் டம்ளர்த் தண்ணீர் ஆடும். லாரி குறைந்த மதிய நேரத்துக்குக் காத்திருந்து ஓட்டினேன். ஏறத்தான் செய்தது. வெளியே மழை பிடித்திருந்தது. ஐப்பசி மழை. மழை பெய்கிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டேன். ஈரத்தைக் குடிக்கிற ஏதோ ஒன்று எண்ணெய்க்குள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தூசியா, பஞ்சா, எது என்று தெரியவில்லை. எங்கிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அளவுக்குக் கழுவியிருந்தேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. கழுவினதும் கிண்ணம் சுத்தம். புது பாட்டில் எண்ணெய் சுத்தம். ஓட்டின பிறகு அழுக்கு. அப்படியானால் ஓடும்போதுதான் ஏதோ விழுகிறது. ஒரு வெள்ளை வடிதாளை வட்டமாக வெட்டி, கிண்ணத்தின் வாய்மேல் விரித்தேன். நடுவில் உருளையின் தண்டு போக ஓர் ஓட்டை. மூடியைச் சாத்தி, எண்ணெய் இல்லாமல் வெறுமனே மோட்டாரைச் சுற்றவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால், தாள்மேல் பொடி. நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இளமஞ்சளும் சிவப்பும் கலந்த பொடி. விரலில் ஒற்றி மோந்து பார்த்தேன். சந்தனம்.

அண்ணாந்து பார்த்தேன். மோட்டார்த் தலையின் நெற்றியில், கிண்ணத்துக்கு நேர் மேலே, மூன்று விரல் திருநீறும் அதன் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். காய்ந்து, ஓரங்கள் பெயர்ந்து, பாதி உதிர்ந்த பொட்டு.

தினமும் நான் பார்த்த பொட்டுதான் அது. மெஷினின் ஒவ்வொரு திருகையும் சந்தேகப்பட்டேன், அதை மட்டும் சந்தேகப்படவில்லை. பொட்டு என்றால் பொட்டு, அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஆயுத பூஜை அன்று நடந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. சார் தாம்பாளத்தோடு ஒவ்வொரு மெஷினாக வந்தார். ரியோமீட்டர் முன்னால் நின்று, “மூடியத் தொற” என்றார்.

“மூடி மேல வெச்சிருங்க சார். உள்ள கரண்ட் போற எடம்,” என்றேன்.

“மெஷினு உள்ளல்லா இருக்கு. சட்டைக்கா பொட்டு வைப்பாவ?”

பக்தி வந்தாலும் கோபம் வந்தாலும் அவருக்குத் தென்காசிப் பேச்சு வந்துவிடும். நான் திறந்தேன். அவர் நெஞ்சார வைத்தார். நானும் கும்பிட்டேன். மறுநாள் கேலிப்ரேஷன் செய்தபோது ஒரு நொடி கை துணியை எடுத்தது. பூஜையில் வைத்த பொட்டை அழிப்பார்களா என்று வைத்துவிட்டேன். அன்று சந்தனம் ஈரமாக இருந்தது, ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் நூறு காட்டியது. காயக் காய மோட்டார் அதிர்வில் உதிர ஆரம்பித்திருக்கிறது. சந்தனப் பொடி எண்ணெயில் விழுந்தால், மின்சாரம் பட்டால், வரிசையில் நிற்காமல் என்ன செய்யும்? கோயம்புத்தூர்க்காரர்கள் மெனக்கெட்டுச் செய்கிற திரவத்தை நாங்கள் ஒரு பொட்டில் செய்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நேரே சார் அறைக்குப் போய், அவர் சாமி படத்துக்குக் கீழே இருந்த சந்தனப் பொடி டப்பாவையும் குங்குமச் சிமிழையும் எடுத்தேன். “ஏ, என்னத்த எடுக்க?” என்றார். “கொஞ்சம் வாங்க சார், ஒண்ணு காட்டணும்.”

பொட்டு உதிர்ந்துவிடாதபடி மோட்டார்த் தலையை ஈரத் துணியால் பொத்தித் துடைத்தேன். கிண்ணம், உருளை எல்லாவற்றையும் அவர் கண் முன்னால் கழுவிக் காயவைத்து, ஸ்டாண்டர்ட் எண்ணெயை ஊற்றினேன். வோல்டேஜ் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். நூறு. வோல்டேஜோடு இத்தனை நாள் பார்க்காத நூறு. பிறகு அதே எண்ணெயில் ஒரு சிட்டிகை சந்தனமும் அதைவிடக் குறைவாகக் குங்குமமும் போட்டுக் கலக்கி ஊற்றினேன். “இப்ப அமுத்துங்க சார்.” அழுத்தினார். எண் ஏறியது. நூற்று அறுபது, நூற்று எழுபது. “விடுங்க.” விட்டார். இறங்கியது. அவராகவே மறுபடி அழுத்தினார். ஏறியது. நான்கு தடவை அழுத்தி அழுத்தி விட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சரி, கண்டுபிடிச்சிட்ட. கெட்டிக்காரிதான். தொடச்சிட்டு சோலியப் பாரு. அந்த லெட்டரை மட்டும் போட்டுக் குடுத்துரு,” என்றார்.

காது சரியாகக் கேட்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. “எந்த லெட்டர் சார்? அதுல கவனக்குறைவுன்னு இருக்கு.”

“கஸ்டமருக்கு ஒரு ஆளைக் காட்டணும்லா. குங்குமம்னு எழுத முடியுமா? சிரிக்க மாட்டாவளா? ஒரு மாசம் கழிச்சி மறுபடியும் ஒன் பேரை ஒட்டிருதேன்.”

“நான் செய்யாததுக்கு எப்படிங்க சார் போடறது?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்போ என்ன செய்யச் சொல்லுத? சாமி மேல பழியப் போடச் சொல்லுதியா?”

“சாமி வெக்கல சார். நீங்க வெச்சிங்க.”

சொல்லிவிட்டேன். முதலாளியிடம், அதுவும் நல்ல மனுஷனிடம், எனக்கு வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் லேப்பில் கேலிப்ரேஷனுக்கு ஒரு நீளப் பதிவேடு உண்டு. மெஷின் தவறாகக் காட்டினால் காரணத்தை எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்துப் போடும்வரை அந்த மெஷினை ஓட்டக்கூடாது. இது சாரே போட்ட விதி. டவுன்ஷிப் வேலையில் பழகிய ஒழுங்கு அது. சுவரில் அவர் கையெழுத்தோடு ஒட்டியிருந்தது. நான் பதிவேட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன். ‘ஆயுத பூஜை அன்று மோட்டார்த் தலையில் வைக்கப்பட்ட சந்தனம், குங்குமம் காய்ந்து எண்ணெயில் உதிர்ந்தது. பரிசோதித்து உறுதி செய்யப்பட்டது.’ அதன் கீழே இரண்டு வரி. ‘துடைக்காமல் விட்டவர்’ என்று எழுதி, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘வைத்தவர்’ என்று எழுதி, இடம் விட்டேன். பதிவேட்டைத் திறந்தபடியே அவர் மேசைமேல் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் அந்த இடம் காலியாகவே இருந்தது. மெஷின் ஓடவில்லை. சார் என்னோடு பேசவில்லை. எனக்கு எதுவும் சொல்ல வேண்டுமென்றால் லேப்பில் கணக்கு எழுதும் அக்காவிடம் சொல்லி அனுப்பினார். “வேற ஆளப் போட்டுக்கிடுதேன்னு சொல்லு” என்று என் காதில் விழும்படியே சொன்னார். சொல்லட்டும். வேறு ஆளும் அதே சுவரில் உள்ள அதே விதியைத்தான் படிக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து போன் மேல் போன். வேலை போனால் என்ன செய்வேன் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். வீட்டில் அம்மாவோடும் சரியான பேச்சில்லை. “கையெழுத்துப் போட்டியா?” என்று கேட்பாள். “இல்ல” என்பேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அதற்கும் வாய் வரவில்லை.

நான்காம் நாள் காலை நான் போகும்போது சார் இன்னும் வரவில்லை. பதிவேடு என் மேசைமேல் இருந்தது. ‘வைத்தவர்’ என்ற இடத்தில், பைல்களில் எழுதிப் பழகிய அந்தச் சாய்ந்த எழுத்தில், இனிஷியலோடு அவர் முழுப் பெயர். கீழே கையெழுத்து, தேதி. இன்னொன்றும் எழுதியிருந்தார். ‘பரிசோதனையாளர் முன்பே சந்தேகம் தெரிவித்தார். நான் கேட்கவில்லை.’ அதை நான் எழுதச் சொல்லவில்லை. அவராகவே எழுதியது. புள்ளிக்கோடு போட்ட அந்தக் கடிதத்தைத் தேடினேன். எங்கேயும் இல்லை.

பத்தரை மணிக்கு வந்தவர், “மெஷினை ஓட்டு. கஸ்டமருக்கு இந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்பு,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பரவாயில்லை, என் பெயர் சுவரில் இருந்தது. அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. சாம்பிள்களைத் திரும்ப ஓட்டிக் கொடுங்கள் என்று எழுதி, கடைசியில், எங்கள் மெஷின்களிலும் பொட்டு இருக்கிறது, போய்ப் பார்க்கிறோம் என்று ஒரு வரி. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு சார் தாம்பாளத்தோடு வந்தபோது, நான் ரியோமீட்டரின் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், குனிந்து மேசைக் காலில் வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அது பின்னால் நடந்தது. அந்த நான்காம் நாள் சாயங்காலம் நான் பதிவேட்டின் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்பில் வேலையாக இருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

“கையெழுத்துப் போட்டியா?”

“போட்டேன்.”

அம்மா அடுப்பைத் தணித்தாள். “அவங்க எழுதுனதுலயா?”

“இல்லம்மா. நான் எழுதுனதுல.” போனை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பது அந்த நேரம் மறந்துவிட்டது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“படி,” என்றாள்.

படித்தேன். காரணம், சந்தனம், குங்குமம், துடைக்காமல் விட்டவர், வைத்தவர், நான் கேட்கவில்லை என்பது வரை ஒரு சொல் விடாமல் படித்தேன். அம்மா, என் பெயர் வந்தபோது ஒரு தடவையும், சார் பெயர் வந்தபோது ஒரு தடவையும் திரையில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். முடித்ததும் போனை அணைக்கப் போனேன். அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவும் வாயெடுத்தேன். அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“எனுக்கு அன்னிக்கி ஒருத்தரும் படிச்சிக் காட்டல,” என்றாள். பிறகு, “இன்னொரு வாட்டி படி,” என்றாள். நான் முதலிலிருந்து படித்தேன்.